கொழுந்து பறித்தவர்களின் கதையை யார் எழுதி வைத்தார்கள்?

54 சதம், 43 சதம், 32 சதம். இலங்கையில் 1927-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் ஒரு பிள்ளைக்கும் நாள் கூலியாகக் குறிக்கப்பட்ட தொகை இது. தேயிலைத் தோட்டத்தில் காசு விளைவதே கொழுந்தில்தான். அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆனாலும் அவர்களுக்கு 11 சதம் குறைவு என்று அரசாங்கமே சட்டம் போட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி வர 1984 வரை ஆனது, அதுவும் ஒரு பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு.

இந்தக் கணக்கு இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், சட்டம் போட்டவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதுதான். ஆனால் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் விடியக்காலையில் நின்றுகொண்டு, "நாங்களும் அதே மலையில்தானே ஏறுகிறோம், எங்களுக்கு ஏன் குறைவு?" என்று கேட்ட பெண் யார்? கேட்டிருப்பாள், கேட்காமல் அரை நூற்றாண்டு போயிருக்காது. அவள் பெயர் என்ன, எந்தத் தோட்டம், கேட்டதற்கு அவளுக்கு என்ன கிடைத்தது? இதற்கு விடை தேடிப் போனால் கை வெறுமையாகத்தான் திரும்பும். உழைக்கும் பெண்களின் வரலாற்றைப் பாதுகாப்பது பற்றிப் பேசும்போது நாம் பேசுவது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

பலர் நினைப்பதுபோல் ஏழைகளின் வாழ்க்கைக்கு ஆவணமே இல்லை என்பது சரியில்லை. தேயிலைத் தோட்டம் மாதிரி எழுதி எழுதியே ஆளப்பட்ட இடங்கள் குறைவு. ஆரம்ப காலத்தில் 'துண்டு' இருந்தது: ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனைத் தீர்க்க ஒப்புக்கொள்ளும் தோட்டத்துக்குத்தான் அவர் போக முடியும், துண்டு இல்லாதவரை வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். 1921-இல்தான் அது ஒழிந்தது. அப்புறம் செக்ரோல், அதாவது வருகைக்கும் கூலிக்குமான பேரேடு. தினமும் யார் வேலைக்கு வந்தார்கள், எந்த மலையில் நின்றார்கள், எத்தனை கிலோ என்பதையெல்லாம் கணக்கப்பிள்ளை குறித்துக்கொள்வார். ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்'. குறித்த நிறை வராவிட்டால் 'அரைப்பேர்'. இப்படிப் பல தலைமுறைப் பெண்களின் ஒவ்வொரு நாள் உழைப்பும் கட்டம் கட்டமாக ஏதோ ஒரு பேரேட்டில் ஏறியிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பேரேடு தோட்டத்துக்காக எழுதப்பட்டது. அவள் எத்தனை கிலோ பறித்தாள் என்று அதில் இருக்கும். நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழித்ததை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று என்ன சொன்னாள் என்பது இருக்காது. வேலைநிறுத்தம் நடந்தால் செக்ரோலில் அது வெற்றுக் கட்டங்களின் வரிசை, அவ்வளவுதான். பக்கம் முழுக்க வெறுமையாக ஒரு நாள் கிடந்தால் அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். என்ன நடந்தது என்பதை யாராவது சொன்னால்தான் உண்டு.

பெயரே கூட அவளுடையதாக இருக்காது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, சேமலாப நிதி (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் வேறொன்று என்று ஆகிப்போய், முப்பது நாற்பது வருடம் உழைத்து ஓய்வு பெறும்போது தன் பணத்தை வாங்க "அவளும் நான்தான், இவளும் நான்தான்" என்று சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) முடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைவது இலங்கை மலைநாடான மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பழகிப்போன கதை. ஆவணப் பிழை என்று நாம் லேசாகச் சொல்வது அங்கே ஒருத்தியின் முதுமைக்கால அரிசி.

இதற்கு மேல் குடியுரிமைச் சிக்கல். 1948-இல் வந்த சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது, அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1949-இல் வந்த இன்னொரு சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள், சுமார் 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆளைப் பங்குபோட்டது. மீதம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இத்தனைக்கும் பின்னால் மலைமலையாக விண்ணப்பங்கள், கோப்புகள். அந்தக் காகிதங்களில் மனைவி, மகள் என்று குடும்பத் தலைவரின் பெயருக்குக் கீழேதான் பெரும்பாலும் பெண்கள் வருகிறார்கள். வேலை செய்த தொழிலாளியாக அவள் தோட்டத்தின் கணக்கில் ஓர் எண், குடிமகளாக அவள் கணவனின் கோப்பில் ஒரு வரி. கப்பலேறி வந்து நீலகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்கே போன குடும்பங்களில் பலர் இன்னமும் அந்தப் பழைய கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதைத் தூக்கிப் போடாமல் இருப்பதே பெரிய காரியம்.

சரி, தோட்ட நிர்வாகமும் அரசாங்கமும் தங்களுக்காக எழுதிக்கொண்டன, தொழிற்சங்கமாவது இவர்களுக்காக எழுதியிருக்க வேண்டாமா? எனக்கு உண்மையான வருத்தம் இங்கேதான். மலையகத் தொழிற்சங்கங்களின் சந்தா, வெகுகாலம் செக்ரோலிலேயே பிடித்தம் செய்யப்பட்டுச் சங்கத்துக்குப் போனது. கொழுந்து மலையில் நிற்பவர்கள் பெண்கள் என்றால் அந்தச் சந்தாவில் பெரும்பங்கு யார் கொடுத்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சங்க வரலாறு என்று வந்தால் தலைவர்களின் வாழ்க்கை வரலாறு, மாநாட்டுப் படங்கள், மாலை மரியாதை. தோட்டக் கமிட்டியில் ஒரு மாதர் தலைவி இருப்பார், கூட்டத்துக்குப் பெண்களைக் கூட்டிவருவது அவர் பொறுப்பு, மேடையில் நாற்காலி இருக்காது. கணவன் போய் மனைவியின் சம்பளத்தையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிவருவது வெகுகாலம் சாதாரணமாக நடந்த ஒன்று. சம்பளத்துக்கே கையெழுத்து அவளுடையது இல்லாதபோது, கூட்டக் குறிப்பேட்டில் அவள் பேச்சு பதிவாகியிருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

விதிவிலக்காக ஒருவர் இருக்கிறார், அவர் கதையே பாடமாக இருக்கிறது. மீனாட்சி அம்மாள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைக்குப் போய்த் தோட்டத் தொழிலாளருக்கு முதன்முதலாகச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி. 1931-இல் மலைநாட்டின் அட்டனை மையமாக வைத்து அந்தச் சங்கம் தொடங்கியபோது, தோட்டத்துக்குள் கூட்டம் போட விடமாட்டார்கள், வெளியாள் கால்வைத்தால் அத்துமீறல் வழக்கு. அந்தக் காலத்தில் இந்த அம்மாள் பாரதி பாடல்களையும், தானே கட்டிய பாட்டுகளையும் பாடிக் கூட்டம் சேர்ப்பார், பிறகு பேச்சு நடக்கும். பத்திரிகை வேலையும் பார்த்தார். 1940-இல் இந்தியத் தொழிலாளர்களின் நிலைமை பற்றிய தன் பாட்டுகளைச் சிறு புத்தகமாகவும் போட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கூலிச் சட்டத்தையும் உரிமையையும் கொண்டுபோக அப்போது பாட்டைவிட நல்ல வழி இல்லை, அதைப் புரிந்துகொண்ட அமைப்பாளர் அவர்.

இவரைப் பற்றி நமக்குத் தெரிவதற்கு ஒரு காரணம் அந்த அச்சிட்ட சிறு புத்தகம். இன்னொரு காரணம், சாரல் நாடன் போன்ற மலையக எழுத்தாளர்கள் நடேசய்யரைத் தேடிப்போய்ப் பழைய பத்திரிகைகளையும் பிரசுரங்களையும் புரட்டியது. கவனியுங்கள், நடேசய்யரைத் தேடியபோதுதான் இவரும் கிடைத்தார். தலைவரின் மனைவியாக இல்லாத, அச்சுக்குப் போகாத, ஆனால் அதேபோல் பாடிய ஒரு கொழுந்துக்காரியைத் தேட இந்த வழிகூட இல்லை.

பாட்டு என்றதும் சி. வி. வேலுப்பிள்ளையைச் சொல்லாமல் போக முடியாது. தோட்டத்திலேயே பிறந்து, 1947-இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர், தோட்டத்து நாட்டார் பாடல்களைச் சேகரித்துத் தொகுத்தவர். ஆட்களை மேய்க்கும் கங்காணியைத் திட்டும் பாட்டு, வழியில் செத்துப்போனவர்களுக்கான ஒப்பாரி, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலையேறும் தாயின் தாலாட்டு என்று பெண்களின் குரல் அச்சில் இருப்பது இந்த மாதிரியான சேகரிப்புகளால்தான். நாட்டார் பாடல் தொகுப்புகளில் பொதுவாகப் பாடியவர் பெயர் இருக்காது, "மக்கள் பாடல்" என்று போட்டுவிடுவார்கள். ஒரு ஒப்பாரியை ஒருத்தி தன் வாழ்க்கையை வைத்துக் கட்டியிருப்பாள், அதில் அவள் தோட்டத்தின் பெயரும் அதை நடத்தும் துரையின் பெயரும்கூட வரும், அவள் பெயர் மட்டும் வராது. இனிமேல் சேகரிப்பவர்களாவது பாடியவர் பெயர், வயது, தோட்டம், யாரிடம் கற்றார் என்பதையெல்லாம் கட்டாயம் எழுதிவைக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இந்த நிலைமை மலைநாட்டுக்கு மட்டும் உரியதல்ல. கீழத்தஞ்சையில் மணலூர் மணியம்மாள் என்று ஒருவர் இருந்தார். இளம் வயதிலேயே விதவையான பார்ப்பனப் பெண், பண்ணையாட்களைச் சேர்த்துக்கொண்டு மிராசுதார்களை எதிர்த்தவர், கிராப்பு வெட்டி, வேட்டி சட்டை போட்டு, சிலம்பம் கற்று, சைக்கிளில் ஊர் ஊராகப் போனவர், முதலில் காங்கிரஸ், பிறகு கம்யூனிஸ்ட். 1953-இல் ஒரு மான் முட்டி இறந்தார், அது தற்செயல் இல்லை என்ற சந்தேகம் அந்தப் பக்கத்தில் இன்றுவரை பேசப்படுகிறது. இப்படி ஒரு மனிதரைப் பற்றிக் கட்சி வரலாறுகளில் ஒரு சில பக்கமாவது அப்போதே வந்திருக்க வேண்டும். ஆனால் பரவலாக அவர் பெயர் தெரிய வந்தது, எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் அந்த ஊர்களுக்குப் போய், அவரை நேரில் பார்த்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, அதை வைத்து 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலை எழுதிய பிறகுதான். அவர் போனபோது பார்த்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். இன்னும் பத்து இருபது வருடம் கழித்துப் போயிருந்தால் நாவலும் இல்லை, மணியம்மாளும் இல்லை. வாய்மொழியைச் சேகரிக்கிற வேலைக்கு எப்போதும் இந்த அவசரம் உண்டு.

அதே மண்ணில் 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பின்னணியில் இருந்தது கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், சங்கத்தில் சேர்ந்ததும். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்தது. இவ்வளவு பெரிய பணக்காரர்கள் தாங்களே நேரில் போய் வீட்டுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு அரசாங்க ஆவணம், அது தானாகவே பாதுகாக்கப்படும். நாற்று நட்டவர்களும் களை பறித்தவர்களும் சொன்னதை தொழிற்சங்கத் தலைவர் மைதிலி சிவராமன் போன்றவர்கள் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதி வைத்ததால்தான் எதிர்ப்பக்கச் சாட்சியம் நமக்குக் கிடைத்தது. வரலாற்றைப் பாதுகாப்பது எதற்கு, பழைய கதைதானே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் வெண்மணிதான். ஒரு பக்கத்தின் காகிதம் மட்டும் மிஞ்சினால், நூறு வருடம் கழித்துப் படிப்பவருக்கு அந்த ஒரு பக்கம்தான் நடந்தது.

இப்போது கொஞ்சம் சமீபத்துக்கு வருவோம், ஏனென்றால் தொலைவது பழையது மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறு. கண்ணன் தேவன் மலைகளில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள், தலைமுறைகளுக்கு முன் தெற்கத்திச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பங்கள், பெரும்பாலோர் தலித்துகள். அந்த வருட போனஸ் 10 சதவீதம் என்று கம்பெனி அறிவித்தது, முந்தைய வருடம் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. நாள் கூலி 232 ரூபாய், அதற்கே 21 கிலோ பறிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை விட்டு இறங்கி மூணாறு டவுனில் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். கேட்டது 20 சதவீத போனஸும் 500 ரூபாய் கூலியும். கம்பெனி மேல் இருந்த அதே கோபம் தங்கள் தொழிற்சங்கங்கள் மேலும் இருந்தது. பேச வந்த தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள், கொடிக்கம்பங்களைச் சாய்த்தார்கள், கொழுந்து சுமப்பது நாங்கள், பணத்தை அமுக்குவது நீங்கள் என்று தமிழும் மலையாளமும் கலந்து கோஷம் போட்டார்கள். ஆண்களைத் தள்ளியே இருக்கச் சொன்னார்கள். ஒன்பது நாள் தாக்குப்பிடித்து, போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். 500 கிடைக்கவில்லை, பிறகு நடந்த பேச்சில் கூலி 301 ஆனது. 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் நாடு முழுக்கப் பேசப்பட்டது, உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களைப் பிடித்தார்கள், தனிச் சங்கமும் ஆனார்கள், அப்புறம் உள்ளுக்குள்ளேயே பிளவு, வெளியிலிருந்து நெருக்கடி, மெல்ல மெல்லச் செய்தியிலிருந்து மறைந்தார்கள்.

அது நடந்தது எல்லார் கையிலும் கேமரா போன் வந்துவிட்ட காலத்தில். ஆகவே பதிவு இல்லாமலா இருக்கும் என்று தோன்றும். தொலைக்காட்சிகள் எடுத்தது அந்தந்தச் சேனலிடம் இருக்கும், அதில் தேர்ந்தெடுத்த சில நிமிடங்கள்தான் இணையத்தில். அந்தப் பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் எடுத்தது வாட்ஸப்பில் சுற்றி, போன் மாறி, மெமரி கார்டு போய், எத்தனை மிஞ்சியிருக்கிறதோ. எந்த லயத்தில், அதாவது தொழிலாளர்களின் எந்த வரிசை வீடுகளில், முதலில் பேச்சு ஆரம்பித்தது, ஒரு எஸ்டேட்டிலிருந்து அடுத்த எஸ்டேட்டுக்குச் சேதி எப்படிப் போனது, ஒன்பது நாளும் வீட்டில் யார் சமைத்தது, பிள்ளையை யார் பார்த்தது, சாலையில் உட்கார்ந்தவர்களுக்குக் கழிப்பறை எங்கே? ஒரு பெண்கள் போராட்டம் நின்று நடப்பதற்கு இவையெல்லாம்தான் ஆதாரம், இவற்றைக் கேமரா கேட்காது. மூன்று நான்கு தலைவிகளின் முகங்களும் பேட்டிகளும் கிடைக்கும், மற்றவர்கள் கூட்டம். 2020 ஆகஸ்ட் 6 இரவு அதே கம்பெனியின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் இறந்தார்கள். அங்கே ஆட்களோடு சேர்ந்து வீட்டுக் காகிதங்களும் கல்யாணப் படங்களும் புதைந்தன. இலங்கையிலும் லயங்களில் அடிக்கடி தீப்பிடிக்கிறது, ஒரு வீட்டில் பிடித்தால் வரிசையே எரியும். தோட்டத் தொழிலாளியின் வீட்டு ஆவணம் என்பது எப்போதும் இந்த ஆபத்தில்தான் இருக்கிறது, நிலமும் வீடும் அவளுடையதாக இல்லை என்பதுதான் இதற்கு அடிப்படைக் காரணம்.

அப்படியானால் எதைச் சேர்த்து வைக்க வேண்டும்? ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன், சம்பளச் சீட்டு. கசங்கிய சின்னக் காகிதம், மாதம் ஒன்று வரும், பெரும்பாலானவர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இலங்கைத் தோட்டச் சீட்டு ஒன்றை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். எத்தனை பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர், குறித்த நிறைக்கு மேல் எத்தனை கிலோ. அதற்குக் கீழே பிடித்தங்கள்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், வீட்டுக்கு வாங்கிய தேயிலைத் தூள், கோயில் வரி, பழைய சீட்டென்றால் அரிசிக்கும் சலவைக்கும் முடிவெட்டுகிறவருக்கும்கூட. கடைசியில் கையில் வந்தது. ஒரு பெண்ணின் ஒரு வருடச் சீட்டுகள் வரிசையாகக் கிடைத்தால், எந்த மாதம் உடம்புக்கு முடியாமல் போனது, எந்த மாதம் கொழுந்து இல்லை, திருவிழாக் கடன் எத்தனை மாதம் இழுத்தது, அந்தக் கடனோடு எந்தத் தைரியத்தில் வேலைநிறுத்தத்துக்குப் போனாள் என்பதெல்லாம் தெரியும். போராட்ட வரலாறு என்றால் துண்டுப் பிரசுரமும் ஊர்வலப் படமும் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தச் சீட்டைக் குப்பையில் விடுகிறார்கள். ஒன்பது நாள் கூலியை இழந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியாமல், ஒருத்தி ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்ததன் கனம் எப்படிப் புரியும்?

பேட்டி எடுப்பதும் அப்படித்தான். போய் உட்கார்ந்தவுடன் "போராட்டத்தில் உங்கள் பங்கு என்ன?" என்று கேட்டால், "நான் என்னத்த செஞ்சேன், எல்லாரும் போனாங்க, நானும் போனேன்" என்பார்கள். பக்கத்திலிருக்கும் ஆண் உடனே ஆரம்பித்துவிடுவார். அன்றாட வேலையில் தொடங்க வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு எந்த மலைக்குப் போனீர்கள், கொழுந்து நிறுத்தது யார், முதல் பிள்ளை பிறந்தபோது எத்தனை நாள் வீட்டில் இருந்தீர்கள். பேச்சு அந்த வழியில் போகும்போது, நிறை குறைத்த கணக்கப்பிள்ளையிடம் சண்டை போட்டது வரும், அதற்கு ஒரு வாரம் வேலை கொடுக்காமல் நிறுத்தியது வரும், அப்போது மற்றப் பெண்களும் கூடையைக் கீழே வைத்தது வரும். அவர்கள் அதைப் போராட்டம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நான்கைந்து பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது, ஒருத்தி மறந்ததை இன்னொருத்தி எடுத்துக்கொடுப்பாள், ஒருவரையொருவர் திருத்துவார்கள். ஒலிப்பதிவில் குரல்கள் மோதும், எழுதியெடுப்பவருக்குத் தலைவலி, பரவாயில்லை.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. எழுத்தாளர் அம்பை தோழிகளோடு சேர்ந்து 1988-இல் மும்பையில் தொடங்கிய 'ஸ்பாரோ', பெண்களின் குரலையும் படங்களையும் பதிவுசெய்து காப்பதற்கென்றே இயங்குகிறது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் பழைய புத்தகத்தோடு நோட்டீசையும் அழைப்பிதழையும் விடாமல் சேர்த்ததால் உருவானது அது. அவர் நோட்டீசை மதித்தது பெரிய விஷயம், ஏனென்றால் தொழிலாளர் வரலாற்றில் பாதி நோட்டீசில்தான் கிடக்கிறது. இலங்கையில் 2005-இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து, மலையக அச்சுப் பிரதிகளை ஸ்கேன் செய்து யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகத்துக்கு ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எவ்வளவு ஆபத்து என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், கவ்வாத்துக் கத்தியும் கூடையும் பெரட்டுக்குத் தட்டிய தப்புப் பறையும் அங்கே உண்டு. 2023-இல், தோட்டத் தமிழர்கள் இலங்கைக்கு வந்து இருநூறு வருடமானதை நினைத்து, 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முதல் தலைமுறைகள் நடந்து செத்த அதே வழியில் மக்கள் நடந்தார்கள், பெண்கள் ஏராளமாக நடந்தார்கள். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் 1984-இலிருந்தே 'தாபிந்து' என்ற தங்கள் பத்திரிகையில் தாங்களே கவிதையும் புகாரும் எழுதினார்கள். அப்படி எழுதியவரின் பேச்சை இன்னொருவர் போய்க் கேட்டுவர வேண்டியதில்லை, அது தேதியோடு அங்கேயே இருக்கிறது.

ஒரு கவலையும் உண்டு. பெயரோடு பதிவுசெய் என்று சொல்வது எனக்குச் சுலபம். இன்னும் அந்தத் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண், அந்த லயத்திலேயே குடியிருப்பவள், துரையையும் சங்கத் தலைவரையும் பற்றிச் சொன்னது நாளைக்கு இணையத்தில் வந்தால், வேலையிலிருந்து பேர் வெட்டுவதும் வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். அதனால் எல்லாவற்றையும் உடனே எல்லாருக்கும் திறந்துவிட வேண்டியதில்லை. பதிவுசெய்து, அவள் கேட்கும் காலம் வரை மூடி வைக்கலாம். எந்தப் பகுதியை வெளியிடலாம் என்று அவளிடமே போட்டுக் காட்டிக் கேட்கலாம். எழுதத் தெரியாதவரிடம் ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவதைச் சம்மதம் என்று சொல்லக் கூடாது. எடுத்த பதிவின் ஒரு பிரதி அவள் வீட்டில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து வந்து மணிக்கணக்காகப் பேச வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி எட்டிப் பார்ப்பதில்லை என்ற குறை மலையில் பொதுவானது, நியாயமானதும்கூட.

தொழிற்சங்கங்களைப் பற்றி மறுபடி ஒன்று சொல்ல வேண்டும். கிளை அலுவலகங்களின் இரும்பு அலமாரிகளில் கூட்டக் குறிப்பேடுகளும், தொழில் தகராறு மனுக்களும், தோட்டத்துப் பெண்கள் யாரையோ எழுதச் சொல்லிக் கொடுத்த புகார்க் கடிதங்களும் கிடக்கின்றன. ஒவ்வொரு முறை அலுவலகம் மாறும்போதும், சங்கம் உடையும்போதும், வெள்ளையடிக்கும்போதும் கொஞ்சம் பழைய பேப்பர்க்காரனுக்குப் போகிறது. இதற்கு வெளிநாட்டு நிதி வேண்டாம். அந்த அலமாரியைத் திறந்து, கறையானைத் தட்டி, போனில் பக்கம் பக்கமாகப் படமெடுக்க இரண்டு பேருக்குச் சங்கம் அனுமதி கொடுத்தால் போதும். முதலில் எடுக்க வேண்டியது அந்தப் புகார்க் கடிதங்கள். நிறை குறைப்பு, பிரசவச் சகாயம் வராதது, கங்காணியின் வாய், என்று எதற்கு எதிராக எந்தப் பெண் எந்தத் தேதியில் பேசினாள் என்பது அவற்றில் அவள் பெயரோடு இருக்கிறது.